எட்டாவது பல்லுக்கு முன்னால்



மில்லிங் மிஷினில் உன்னைத் தனியாக விட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், தம்பி. ஓசூர் சிப்காட்டில் ஒரு பையனை டிவைடிங் ஹெட்டோடு தனியாக விடுகிறார்கள் என்றால் அவன் கையை நம்புகிறார்கள் என்று பொருள். உன் கையைப் பற்றி எனக்கும் கவலையில்லை. எண்ணுவதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கிராங்கை 40 சுற்று சுற்றினால் ஜாப் ஒரு சுற்று சுற்றும். 28 பல் கியர் என்றால் 40-ஐ 28-ஆல் வகுக்கிறோம். ஒரு பல்லுக்கு ஒரு முழுச் சுற்று, மேலே ஏழில் மூன்று பங்கு. இன்டெக்ஸ் பிளேட்டின் 21 ஓட்டை வட்டத்தில் அது 9 இடைவெளி. ஐ.டி.ஐ.யில் இதுவரை படித்திருப்பாய். செக்டர் ஆர்மை அளந்து வைத்துவிட்டால் அப்புறம் எண்ண வேண்டியதே இல்லை என்று அதோடு விட்டுவிடுவார்கள்.

நீ எண்ணிப் பார். புறப்படும் ஓட்டை 0. அடுத்தது 9, அப்புறம் 18. அதற்கடுத்தது 27, 21 போக 6. பிறகு 15, 3, 12. மறுபடியும் 0. கிராங்கில் இருக்கும் ஊசி, அதாவது பின், விழுவது ஏழே ஓட்டைகளில்தான். மற்ற 14 ஓட்டைகளை அது தொடவே தொடாது. 9-லும் 21-லும் 3 அடங்கியிருப்பதால் வரும் ஒழுங்கு இது. ஒரு தாளில் 21 புள்ளிகளை வட்டமாக வைத்து இந்த வரிசையில் கோடு இழு. ஏழு முனை நட்சத்திரம் வரும். முழுக் கியரும் முடிவதற்குள் பின் இதே தடத்தில் நான்கு முறை போய்வந்திருக்கும்.

இது வெறும் அழகு இல்லை, தம்பி. வேலை பழகிய இரண்டாம் வருஷம், சின்ன யூனிட் ஒன்றில் இதே 28 பல் வெட்டும்போது, பின் நிற்கும் ஓட்டையையும் சேர்த்து ஒன்பது எண்ணிவிட்டேன். ஓட்டையை எண்ணக்கூடாது, இடைவெளியை எண்ண வேண்டும் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் ஓட்டை குறைந்தது. இருபத்தேழு பல் பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. கடைசிப் பல் மட்டும் கட்டைவிரல் போலப் பருத்து நின்றது. அரை நாள் உழைப்பும் நல்ல இ.என்.8 பிளாங்கும் ஸ்கிராப்புக்குப் போயின. முதல் ஓட்டையில் சாக்பீஸால் ஒரு குறி வைத்திருந்தால் போதும். எட்டாவது பல்லுக்குத் திருப்பியபோதே பின் ஏழு ஓட்டை பின்தங்கி நின்றதைக் கண்ணால் பார்த்திருப்பேன்.

எல்லா எண்ணும் இப்படி நடுவழியில் வந்து சாட்சி சொல்லாது. 23 பல் வெட்டும்போது 23 ஓட்டை வட்டத்தில் ஒரு சுற்றும் 17 இடைவெளியும் போவாய். 0, 17, 11, 5, 22, 16, 10, 4 என்று போகும். 23 பகா எண். அதனால் ஓர் ஓட்டையும் விடாமல் எல்லாவற்றிலும் விழுந்து, கடைசியில்தான் 0-க்குத் திரும்பும். ஆனால் வரிசையை உற்றுப் பார்: ஒவ்வொரு முறையும் ஆறு குறைகிறது. 17 முன்னால் போனால் 6 பின்னால் வந்த அதே இடம். போன ஓட்டைக்கு ஆறு பின்னால் பின் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போ. கணக்கில்தான் பின்னால்; கிராங்கைப் பின்பக்கம் திருப்பி நிறுத்திவிடாதே. தவறித் தாண்டிவிட்டால் நன்றாகப் பின்வாங்கி, திரும்ப முன்னால் வந்து ஓட்டையைப் பிடி. இல்லையென்றால் வார்மில் இருக்கும் ப்ளே உன்னை ஏமாற்றும்.

கியர் ஓடும்போதும் இதே கணக்குதான். 20 பல்லோடு 40 பல்லைக் கோத்தால் சின்னதன் ஒவ்வொரு பல்லும் ஆயுள் முழுக்க அதே இரண்டு பற்களைத்தான் சந்திக்கும். ஒரு பல்லில் சொட்டை இருந்தால் அந்த இரண்டையே தின்னும். 41 பல்லைக் கோத்தால் ஒரு ஜோடி மறுபடி சந்திக்க 820 பல் கடக்க வேண்டும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பரவும்.

உன் ஷாப்பில் ஒருவர் தெலுங்கில் எண்ணுவார், அத்திப்பள்ளி தாண்டி வருகிறவர் கன்னடத்தில் எண்ணுவார், ராத்திரி ஷிஃப்டில் இந்தியும் கேட்கும். ஷிஃப்ட் மாறும்போது பாதி வெட்டிய ஜாப் கைமாறினால் வாயால் சொன்ன எண்ணை நம்பாதே. பிளேட்டில் குறி எங்கே, பின் எங்கே என்று பார்த்து வாங்கு.

சி.என்.சி. வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்பார்கள். சி.என்.சி.க்கும் எண்ணைக் கொடுப்பது ஒரு மனுஷன்தான். தப்பான எண்ணைக் கொடுத்தால் அது துல்லியமாகத் தப்பாக வெட்டும்.

நாளைக்கு 28 பல் ஜாப் ஏற்றினால் முதல் ஓட்டையில் குறி வை. ஏழு வெட்டியதும் எட்டாவதற்குத் திருப்பி, கட்டரை ஓட்டாமல் நிறுத்து. பின் குறியில் விழவில்லை என்றால் எட்டாவதை வெட்டாதே.