தொட்டியில் முளைத்த புளிப்பு

கேள்வி: ஐயா, எங்கள் மாடியில் ரோஜாத் தொட்டிகள் எல்லாவற்றிலும் ஒரு களை மண்டிக் கிடக்கிறது. மூன்று இலை, மஞ்சள் பூ. பிடுங்கப் போனால், "அது புளியாரை, கடைஞ்சு சாப்பிடலாம்" என்று மாமியார் தடுக்கிறார். ஆரைக்கீரைக்கு நாலு இலை அல்லவா? என் கணவருக்கு ஒருமுறை சிறுநீரகக் கல் வந்திருக்கிறது, அதனால் தயக்கமாகவும் இருக்கிறது.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் சொல்வதும் சரி, மாமியார் சொல்வதும் சரி அம்மா. நாலிலை ஆரை வயலோரத் தண்ணீரில் வளர்வது, பூக்காது, புளிக்காது. இரண்டுக்கும் பெயரில்தான் உறவு. உங்கள் தொட்டியில் இருப்பது புளியாரையேதான். ஒரு காம்பைக் கிள்ளிக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். மூன்று சிற்றிலைகளும் நுனி பிளந்து இதயம்போல இருக்கும். பொழுது சாய்ந்தால் குடை மடக்கியதுபோலத் தொங்கிவிடும். காய், நிமிர்ந்து நிற்கும் குட்டி வெண்டைக்காய். முற்றியதைத் தொட்டால் வெடித்து விதை தெறிக்கும். ஒரு தொட்டியில் இருந்தது எல்லாத் தொட்டிக்கும் போனது அப்படித்தான்.

கீரைதானே என்று கூடை நிறையப் பறித்து மசித்தால் வாயில் வைக்க முடியாது. புளிக்குப் பதிலாகப் போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை டம்ளர் பாசிப்பருப்பு குழைந்ததும் ஒரு கைப்பிடி இலை, நாலைந்து சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். பச்சை போய் இலை காக்கி நிறமாகிவிடும். பயப்பட வேண்டாம், புளிப்பு செய்கிற வேலை அது. மத்தால் கடைந்து, பூண்டு தட்டிப் போட்டுத் தாளித்தால் போதும். வறுத்த உளுந்தும் தேங்காயும் வைத்து அரைக்கும் துவையல் இதைவிட ஒரு படி மேல் என்பது என் கட்சி. மண்சட்டியோ எவர்சில்வரோ எடுங்கள். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் ஆகாது. இந்த இலையால் பித்தளை விளக்கைத் தேய்த்துப் பாருங்கள், காரணம் புரியும்.

அந்தப் புளிப்பு ஆக்சாலிக் அமிலம். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்தான். ஆகவே உங்கள் கணவருக்கு இது வேண்டாம். அவர் பங்கைத் தனியே எடுத்து வழக்கமான புளியில் செய்துகொடுங்கள். வேகவைத்து நீரை வடித்தால் ஆக்சலேட் கொஞ்சம் குறையும், ஆனால் புளிப்பும் சேர்ந்து போய்விடும். அப்புறம் எதற்கு இந்தக் கீரை? மற்றவர்கள் எப்போதாவது ஒருமுறை, தயிரோடு சாப்பிடலாம். தயிரிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டில் ஒரு பகுதியைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும்.

கல்லைவிட எனக்குக் கவலை உங்கள் ரோஜா. அதற்குப் பூச்சிமருந்து அடிப்பவர் என்றால் அந்தத் தொட்டி இலையைத் தொடவே வேண்டாம். முற்றிய காய்களை ஒரு காகிதப் பையில் தட்டி, விதையைப் புதுமண் நிரப்பிய தனித்தொட்டியில் தூவுங்கள். பின்னாளில் அதன் இலையில் சின்னப் பச்சைப் புழு தெரிந்தால் நசுக்கிவிடாதீர்கள். புல்வெளியில் தாழப் பறக்கும் நகம் அளவு நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று முட்டையிடுவது புளியாரையில்தான்.