அஞ்ச வைக்கும் விளையாட்டு: நிறையும் குறையும்

இவ்விதழில் இலக்கிய ஆராய்ச்சியும் அறிவியல் விளக்கமும் படித்துப் பழகிய நீங்கள், ஒரு கணிப்பொறி விளையாட்டைப் பற்றி எழுதத் துணிந்த என்னைக் கண்டு முகம் சுளிக்கக்கூடும். “முதுகலைப் பௌதிகம் படிக்கும் மாணவனுக்கு இது தகுமா?” என்று மன்றக் கூட்டத்திலேயே ஓர் அண்ணன் கேட்டார். அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. இக்கட்டுரையே அந்த விடை. நாடகத்தையும் நாவலையும் நிறை குறை கண்டு எடைபோடுகிறோம். இதனையும் அவ்வாறே எடைபோடுவது என் நோக்கம்.

விளையாட்டின் பெயர் ‘ஏலியன்: ஐசோலேஷன்’. தமிழில் ‘வேற்றுயிர்: தனிமை’ எனலாம். இங்கிலாந்தில் உள்ள கிரியேட்டிவ் அசெம்பிளி என்னும் நிறுவனத்தார் இதனைப் படைத்தனர். சேகா நிறுவனம் 2014 அக்டோபரில் வெளியிட்டது. ரிட்லி ஸ்காட் இயக்கி 1979இல் வந்த ‘ஏலியன்’ திரைப்படத்தின் கதையைத் தொட்டு இது தொடர்கிறது.

கதை 2137ஆம் ஆண்டில் நிகழ்கிறது. நாஸ்ட்ரமோ என்னும் விண்கப்பலோடு எல்லென் ரிப்ளி மறைந்து 15 ஆண்டுகள் ஆகின்றன. அவள் மகள் அமாண்டா ஒரு பொறியாளர். தாய் சென்ற கப்பலின் பயணப் பதிவுக் கருவி, செவஸ்டபோல் என்னும் விண்வெளி நிலையத்தில் இருப்பதாக அவளுக்குச் செய்தி கிடைக்கிறது. தாய்க்கு என்ன நேர்ந்தது என்று அறிய அவள் புறப்படுகிறாள். சென்று பார்த்தால் நிலையம் பாழ்பட்டுக் கிடக்கிறது. அதனுள் ஒரு வேற்றுயிர் உலவுகிறது. அதனைத் துப்பாக்கியால் கொல்ல இயலாது. தீயைக் காட்டிச் சிறிது நேரம் விரட்டலாம், அவ்வளவே. ஒளிந்தும் ஓடியும் மூச்சடக்கிக் காத்திருந்தும் பிழைக்க வேண்டும்.

நிறைகள்

முதல் நிறை, அச்சத்தை அமைத்த திறம். பெரும்பாலான விளையாட்டுகளில் பகைவன் எந்த மூலையில் எப்போது வருவான் என்பது முன்பே எழுதப்பட்டிருக்கும். இருமுறை தோற்றால் மூன்றாம் முறை மனப்பாடம் ஆகிவிடும். இங்கே பெரும்பாலும் அப்படி இல்லை. வேற்றுயிரை இயக்கும் செயற்கை அறிவு இரண்டு அடுக்குகளாக உள்ளது. மேலடுக்குக்கு ஆடுபவர் இருக்குமிடம் எப்போதும் தெரியும். கீழடுக்காகிய வேற்றுயிருக்குத் தெரியாது. அது தன் கண்ணையும் செவியையும் கொண்டே தேட வேண்டும்.

நம் தெருவில் சிறுவர் கண்ணாமூச்சி ஆடும்போது திண்ணையில் ஒரு தாத்தா அமர்ந்திருப்பார். யார் எங்கே ஒளிந்தார் என்பது அவருக்குத் தெரியும். வாய் திறந்து சொல்லமாட்டார். “கிழக்கே ஏதோ சலசலக்குதே” என்று மட்டும் சொல்லி வைப்பார். தேடுபவன் நெருங்கி நின்று நெடுநேரம் வாட்டினால், “போதும், அந்தப் பக்கம் போய்ப் பார்” என்று திருப்பியும் விடுவார். மேலடுக்கின் வேலை அந்தத் தாத்தாவின் வேலையே. அதனால்தான் அச்சம் ஏறியும் இறங்கியும் வருகிறது. ஆட்டம் வளர வளர வேற்றுயிருக்குப் புதுப்புதுச் செயல்கள் திறந்துவிடப்படுவதால், அது நம்மிடமிருந்தே கற்றுக்கொள்வது போலத் தோன்றுகிறது.

இரண்டாவது நிறை, அமாண்டா கையில் ஏந்தும் இயக்கங்காட்டும் கருவி. இதனைக் கண்டபோது எனக்குக் காதங்கி நினைவுக்கு வந்தது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே உள்ள அவ்வூரில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கே 1024 யாகி அலைவாங்கிகள் வரிசையாக நிற்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸ் அலையை வானுக்கு அனுப்பி, காற்றிலிருந்து திரும்பும் மெல்லிய எதிரொலியை அவை வாங்குகின்றன. காற்று நெருங்கினால் அதிர்வெண் சிறிது கூடும்; விலகினால் குறையும். இதுவே டாப்ளர் விளைவு. அசையாத மலையிலிருந்து வரும் எதிரொலியில் இம்மாற்றம் இராது. ஆதலின் அதனைப் பிரித்து ஒதுக்கிவிடலாம்.

விளையாட்டில் உள்ள கருவியும் அசைவதை மட்டுமே காட்டுகிறது. வேற்றுயிர் அசையாமல் நின்றால் திரையில் புள்ளி இல்லை. புள்ளி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று பொருள் ஆகாது! மேலும், அக்கருவி திசையையும் தூரத்தையும் காட்டும், உயரத்தைக் காட்டாது. புள்ளி அருகே வருகிறது. ஆனால் அது நம் எதிரே வருகிறதா, தலைக்கு மேலுள்ள காற்றுக் குழாயில் ஊர்கிறதா என்று தெரியாது. காதங்கி ராடார் தன் கற்றையை நேர்மேலாகவும் நாற்றிசையிலும் சாய்த்து அனுப்பி, உயரத்துக்கு உயரம் காற்றின் போக்கைக் கணக்கிடுகிறது. அமாண்டாவுக்கு அவ்வசதி இல்லை. கருவி என்ன சொல்கிறது என்பதோடு, எதனைச் சொல்லவில்லை என்பதையும் அறிந்தவனே அளவியல் கற்றவன். மூன்றாண்டு ஆய்வக வகுப்பில் ஆசிரியர்கள் சொல்லிச் சொல்லியும் என் மனத்தில் ஆழப் பதியாத இப்பாடம், ஓர் இரவு மேசைக்கடியில் ஒளிந்து கிடந்தபோது பதிந்துவிட்டது.

மூன்றாவது நிறை, காட்சியும் ஒலியும். 1979ஆம் ஆண்டினர் எண்ணிய எதிர்காலத்தையே இவர்கள் வரைந்தனர். கணிப்பொறிகள் பச்சை எழுத்துகளோடு குமிழ்த்திரையில் மினுக்குகின்றன, பொத்தான்கள் தடித்தவை, பதிவுகள் நாடாவில் உள்ளன. பழைய நாடாவின் நடுக்கம் வேண்டி, காட்சிகளை உண்மையான நாடாவில் பதிவுசெய்து பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் ஓட்டிப் படமெடுத்தார்களாம்! ஒலியமைப்புக்காக 2015இல் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. குழாய்க்குள் நடக்கும் காலடி ஓசையைக் கேட்டவர் அவ்விருது தக்கதே என்பர்.

குறைகள்

முதற் குறை, நீளம். முடிக்க ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. இடையே வேற்றுயிர் நெடுநேரம் மறைந்துவிட, இயந்திர மனிதரோடு போராடும் பகுதி வருகிறது. முடிந்தது என்று மூச்சு விடும்போது மீண்டும் ஒரு கதவு, மீண்டும் ஒரு மின்விசை. அச்சம் உப்பைப் போன்றது. அளவு மிஞ்சினால் நாக்கு மரத்துவிடும். மூன்றில் ஒரு பங்கைக் குறைத்திருந்தால் சுவை கூடியிருக்கும்.

இரண்டாவது, ஆட்டத்தைச் சேமிக்கும் முறை. சுவரில் உள்ள குறிப்பிட்ட கருவிகளில் மட்டுமே சேமிக்க முடியும். ஆங்குச் சென்று சேர்வதே ஒரு போராட்டம். இது அச்சத்தைப் பெருக்குகிறது என்பதை ஒப்புகிறேன். எனினும் கோடை விடுமுறையில், சித்தூர் வீட்டில், மாமா மகனின் பழைய கணிப்பொறியில் ஆடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. ஒன்றரை மணி நேர உழைப்பு நொடியில் மறைந்தது. மின்சாரம் என்றும் நிற்காத ஊரை எண்ணியே இவ்விதியை வகுத்தார்கள் போலும்!

மூன்றாவது, அறிவியற் பிழைகள். ஒரு கோளைச் சுற்றி வரும் நிலையத்தினுள் பொருள்கள் மிதக்க வேண்டும். இங்கே எல்லாரும் திருப்பதிக் கடைத்தெருவில் நடப்பது போல நடக்கிறார்கள். நிலையம் சுழன்று எடையை உண்டாக்குகிறது என்றாவது சொல்லியிருக்கலாம். விளக்கம் ஏதும் இல்லை. இன்னொன்று, திரைப்படத்திலிருந்தே வந்த பிழை. அணில் அளவாகப் பிறக்கும் உயிர் மிகக் குறுகிய காலத்தில் மனிதனை விடப் பெரிதாகிறது. அத்தனை நிறை எங்கிருந்து வந்தது? உணவின்றி உடல் வளராது என்பதை உயர்நிலைப் பள்ளி மாணவனும் அறிவான்.

நான்காவது, மனிதர்கள். நிலையத்தில் எஞ்சியோர் பலர் நம்மைக் கண்டதும் பேசாமல் சுடுகின்றனர். அவர்கள் ஏன் அப்படி ஆனார்கள் என்பதைக் குறிப்பேடுகளில் படித்தே அறிய வேண்டும். அவையெல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால், அருகில் அமர்ந்திருந்த என் தங்கைக்குக் கதையில் பாதி விளங்கவில்லை.

முடிவுரை

இவ்விளையாட்டில் என் மனத்தை உண்மையில் தைத்தது வேற்றுயிர் அன்று. எங்கள் குடும்பம் ஆரணிப் பக்கத்தது. மாம்பழக் கூழ் ஆலையில் அப்பாவுக்கு வேலை கிடைத்ததால் சித்தூரில் குடியேறினோம். திருப்பதி விடுதியிலிருந்து நான் மாதம் ஒருமுறை வீடு சென்றாலே அதிகம். அன்றிரவு அம்மா என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். “அந்தப் பொண்ணு யாரைத் தேடுதுடா?” என்றார். “அவங்க அம்மாவைத்தாம்மா” என்றேன். “கிடைச்சாளா?” என்று கேட்டார்.

நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கதை முழுவதையும் சொன்னேன். அமாண்டாவுக்குக் கிடைப்பது தாயின் குரற்பதிவு மட்டுமே. 1986இல் வந்த ‘ஏலியன்ஸ்’ படத்தின் நீட்டித்த பதிப்பின்படி, தாய் 57 ஆண்டுகள் விண்வெளியில் உறங்கியபடி மிதந்து திரும்பும்போது மகள் முதுமையில் இறந்துபோயிருக்கிறாள். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எழுபது கிலோமீட்டர்தானே, பஸ் இருக்குதே” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே சென்றார்.

ஆகவே, அண்ணனின் கேள்விக்கு என் விடை இது: தகும்; ஆனால் அளவோடு. நீளமும் பிழையும் இருப்பினும் நிறையே மிகுதி. தேர்வு நெருங்கியவர் தொடவேண்டா. ஆடுவோர் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் ஆடவேண்டா. அதற்குமேல் ஆடி, மறுநாள் ஆய்வகத்தில் அளவுகளைத் தவறாகக் குறித்தவன் நான். எல்லா அச்சமும் கோழைமை அன்று. அஞ்சத் தக்கதை அறிந்து அஞ்சுவது அறிவின் பகுதி என்று வள்ளுவர் பிரித்துக் காட்டியிருக்கிறார். இவ்விளையாட்டு அந்த அச்சத்தைப் பழக்குகிறது.

2024இல் இதன் தொடர்ச்சி ஒன்று அறிவிக்கப்பட்டுள்ளது. அது வருவதற்குள் நம்மில் ஒருவர், காதங்கியின் அலைவாங்கிகளுக்கு நடுவே நள்ளிரவில் நடக்கும் ஒரு கதையைத் தமிழில் விளையாட்டாக ஆக்கலாகாதா? கணிதமும் கணிப்பொறியும் கற்ற தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். நான் இந்த மாதம் இரண்டாம் முறையாக நாளை சித்தூர் செல்கிறேன்.