தங்கச்சியை நர்சிங் சேர்க்கப் போறீங்களா? மூணும் ஒண்ணும் நாலு ஆகாது

போன மாசம் ஒரு தம்பி போன் பண்ணினார். சொந்த ஊர் பாபநாசம். (கமல் படத்துல வர்ற திருநெல்வேலிப் பக்கத்து பாபநாசம் இல்லைங்க. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவுல இருக்கிற எங்க பக்கத்து பாபநாசம்.) சென்னையில சாஃப்ட்வேர் வேலை, மாசம் 42,000 கைக்கு வருது. அப்பாவுக்கு குத்தகை நிலம், குறுவையும் தாளடியும் போட்டு ஓட்டறார். தங்கச்சி பிளஸ் டூ முடிச்சிருக்கு.

"அண்ணே, கவர்மெண்ட் காலேஜ் பி.எஸ்சி. நர்சிங்குக்கு இவ மார்க் பத்தாது போல இருக்கு. பிரைவேட்ல நாலு வருஷம் கட்டறதுக்கு பதிலா, கம்மி ஃபீஸ்ல ஜி.என்.எம். மூணு வருஷம் படிக்க வெச்சுட்டு, கடைசி ஒரு வருஷம் மட்டும் காலேஜ்ல சேத்து டிகிரி ஆக்கிடலாம்னு ஒருத்தர் சொல்றார். மூணும் ஒண்ணும் நாலுதானே? நான் பர்சனல் லோன் போட்டுடறேன், அதை 80இ-ல கழிச்சுக்கலாம்ல?"

ஒரே மூச்சுல ரெண்டு தப்பு. ரெண்டுமே லட்சக் கணக்குல இடிக்கிற தப்பு. அவர்கிட்ட சொன்னதையே இங்கே எழுதறேன். நம்ம வாசகர்கள்ல நிறைய பேர் முதல் சம்பளம் வாங்கின கையோட தம்பி, தங்கச்சி படிப்பைத் தலையில ஏத்திக்கிட்டவங்கன்னு எனக்குத் தெரியும்.

முதல்ல படிப்பு. பாலிடெக்னிக் முடிச்சவங்க பி.இ. ரெண்டாம் வருஷத்துல நேரா சேரலாம். டி.ஃபார்ம். முடிச்சவங்களும் பி.ஃபார்ம். ரெண்டாம் வருஷத்துல சேரலாம். அதைப் பார்த்துப் பழகின நமக்கு நர்சிங்லயும் அப்படித்தான் இருக்கும்னு தோணுது. அமெரிக்காவுல இருக்கிற சொந்தக்காரங்க வேற, "இங்க கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சுட்டு, அந்த கிரெடிட்டை அப்படியே யுனிவர்சிட்டிக்கு மாத்திக்கிறாங்க"ன்னு சொல்லிடுவாங்க. அவங்க சொல்றது அந்த ஊருக்கு சரி. நம்ம ஊர்ல ஜி.என்.எம். படிச்ச மூணு வருஷத்தை நாலு வருஷ பி.எஸ்சி.யில கழிக்கிற வழி கிடையாது. திருப்பாலைத்துறை நாயக்கர் களஞ்சியத்துல நெல்லைக் கொட்டி வெச்ச மாதிரி படிச்ச வருஷத்தைச் சேர்த்து வெச்சு, வேற காலேஜ்ல போய் அளந்து போட முடியாதுங்க. 2021-ல இருந்து பி.எஸ்சி. நர்சிங் செமஸ்டர், கிரெடிட் முறைக்கு மாறியிருக்கு. அந்த கிரெடிட் அந்தப் படிப்புக்குள்ளேயே எண்ணறதுக்கு.

ஜி.என்.எம். முடிச்சவங்க டிகிரி வாங்க தனியா ஒரு படிப்பு இருக்கு. பேரு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். ரெண்டு வருஷம், ரெகுலர் காலேஜ். பிளஸ் டூ, ஜி.என்.எம்., அப்புறம் மாநில நர்சிங் கவுன்சில்ல பதிவு, இது மூணும் வேணும். ஆக மூணும் ரெண்டும் அஞ்சு வருஷம்.

அதுக்காக ஜி.என்.எம். மோசம்னு நினைச்சுடாதீங்க. பி.எஸ்சி. நேரடியா சேரணும்னா பிளஸ் டூவுல இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். ஜி.என்.எம்.முக்கு எந்த குரூப்பா இருந்தாலும் சேரலாம், மொத்தத்துலயும் ஆங்கிலத்துலயும் 40 சதவீதம் இருந்தா போதும். காமர்ஸ் படிச்ச பொண்ணுக்கும், பயாலஜி இல்லாம கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பொண்ணுக்கும் நர்சிங் டிகிரிக்குப் போக இருக்கிற பாலமே ஜி.என்.எம். பிளஸ் போஸ்ட் பேசிக்தான். போஸ்ட் பேசிக் முடிச்சா எம்.எஸ்சி. நர்சிங்கும் போகலாம், அதுக்கு ஒரு வருஷ அனுபவமும் 55 சதவீத மார்க்கும் வேணும். உங்க வீட்டுல இப்ப பத்தாவது முடிக்கிற புள்ளை நர்சிங் ஆசைப்பட்டா, பதினொண்ணாவதுல பயாலஜி குரூப் எடுக்கச் சொல்லுங்க. செலவே இல்லாத திட்டமிடல் அது ஒண்ணுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். கீழே இருக்கிற ஃபீஸும் சம்பளமும் கணக்குக்காக நான் வெச்சுக்கிட்டது. உங்க காலேஜ் சொல்ற தொகையைப் போட்டு நீங்களே திரும்பப் போட்டுப் பாருங்க.

தனியார் பி.எஸ்சி. வருஷம் 1,00,000, நாலு வருஷத்துக்கு 4,00,000. ஜி.என்.எம். வருஷம் 60,000, மூணு வருஷத்துக்கு 1,80,000. போஸ்ட் பேசிக் வருஷம் 80,000, ரெண்டு வருஷத்துக்கு 1,60,000. பாலம் வழியா போனா மொத்தம் 3,40,000. "பாத்தீங்களா, 60,000 மிச்சம்"னு தம்பி சந்தோஷப்பட்டார்.

அஞ்சாவது வருஷக் கடைசியில நின்னு பாருங்க. நேரடி பி.எஸ்சி. படிச்ச பொண்ணு நாலு வருஷத்துல வெளியே வந்து, அஞ்சாவது வருஷம் 18,000 சம்பளத்துல 2,16,000 சம்பாதிச்சிருக்கும். 4,00,000 செலவுல அதைக் கழிச்சா நிகரச் செலவு 1,84,000. பாலம் வழியா போன பொண்ணு அன்னைக்குத்தான் டிகிரி முடிக்குது, நிகரச் செலவு 3,40,000. 60,000 மிச்சம்னு நினைச்ச வழியில 1,56,000 கூடுதலா போயிருக்கு. ஹாஸ்டல் செலவு இதுல சேர்க்கல. அதுவும் ஒரு வருஷம் அதிகம்.

ஜி.என்.எம்.மோட நிறுத்திக்கிட்டு வேலைக்குப் போனா? அதே அஞ்சு வருஷத்துல 1,80,000 செலவு, ரெண்டு வருஷம் 15,000 சம்பளத்துல 3,60,000 வரவு. கையில 1,80,000 மிச்சம். உடனே காசு வேணும்கிற குடும்பத்துக்கு இதுதான் நல்ல கணக்கு. இதைக் குறைச்சு பேசறவங்க பேச்சைக் கேக்காதீங்க. தமிழ்நாடு அரசு நர்ஸ் வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் டிப்ளமோ, டிகிரி ரெண்டு பேரையும் எடுத்துக்குது. எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் தேர்வுலயும் ஜி.என்.எம். செல்லும், ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 44,900.

ஆனா ஒரு நிபந்தனை இருக்கு, இதை அடிக்கோடு போட்டுக்கோங்க. எய்ம்ஸ் தேர்வுக்கு டிகிரி படிச்சவங்க நேரா எழுதலாம். ஜி.என்.எம். படிச்சவங்களுக்கு குறைஞ்சது 50 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில ரெண்டு வருஷ அனுபவம் வேணும். வீட்டுப் பக்கத்துலயே இருக்கட்டும்னு பத்து பெட் கிளினிக்ல ரெண்டு வருஷம் வேலை பாத்தா, அந்த ரெண்டு வருஷம் இந்த விஷயத்துல பூஜ்யம். ஆயிரம் ரூபா சம்பளம் கம்மின்னாலும் தஞ்சாவூர்லயோ திருச்சியிலயோ பெரிய ஆஸ்பத்திரியைப் பாருங்க. வேலையை விடும்போது படுக்கை எண்ணிக்கையும் சேர்ந்த, விட்ட தேதியும் போட்டு அனுபவச் சான்றிதழ் வாங்கிடுங்க. மூணு வருஷம் கழிச்சுப் போய்க் கேட்டா, கையெழுத்து போட்ட ஆள் அங்க இருக்க மாட்டார்.

இன்னொரு நடுவழியும் உண்டு. இக்னோவுல போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங், நுழைவுத் தேர்வு வெச்சு, வேலையில இருக்கிற நர்ஸ்களுக்காக நடத்தறது. பதிவுக்கு அப்புறம் ரெண்டு வருஷ அனுபவம் வேணும், படிப்பு குறைஞ்சது மூணு வருஷம். ரெகுலரைவிட ஒரு வருஷம் நீளம், ஆனா சம்பளம் நிக்காது. மாசம் 15,000 வாங்கற பொண்ணு ரெண்டு வருஷம் வேலையை விட்டா 3,60,000 போகும்ல, அது தப்பிக்குது. சேர்றதுக்கு முன்னாடி ஸ்டடி சென்டர் எந்த ஊர்ல, செய்முறை வகுப்புக்கு எத்தனை நாள் லீவு தேவைன்னு ஆஸ்பத்திரியில பேசி வெச்சுக்கணும்.

இப்ப எங்க வீட்டுக் கதை ஒண்ணு. என் சித்தி பொண்ணு பிளஸ் டூ முடிச்சதும், பஸ் ஸ்டாண்ட் பக்கம் போர்டு பார்த்து "ஒரு வருஷ நர்சிங்"ல சேர்ந்துட்டா. யூனிஃபார்ம், ஐடி கார்டு, வார்டு டியூட்டி எல்லாம் இருந்துச்சு. கோர்ஸ் முடிச்சு கவுன்சில்ல பதிவு பண்ணப் போனப்பதான் தெரிஞ்சுது, அது நர்சிங் அசிஸ்டன்ட் சர்டிபிகேட். பதிவு கிடையாது. பதிவு இல்லைன்னா போஸ்ட் பேசிக் கிடையாது, அரசு நர்ஸ் வேலையும் கிடையாது. திரும்ப ஜி.என்.எம். முதல் வருஷத்துல இருந்து படிச்சா. ஃபீஸ் போனதைவிட, தன்னைவிட சின்னப் பசங்களோட உக்காந்ததுதான் அவளுக்கு வலி. அப்போ நான் ஆர்ட்டிகிள்ஷிப்ல இருந்தேன், ஆடிட் கோப்பு எல்லாம் பக்கம் பக்கமா பாக்கறவன், இந்த ஒரு பேப்பரைப் பாக்கல.

அதனால சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் செலவு பண்ணுங்க. இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளத்துல மாநில வாரியா நிறுவனங்கள் பட்டியல் இருக்கு. ஒரே வளாகமா இருந்தாலும் ஜி.என்.எம்.முக்கு தனி, பி.எஸ்சி.க்கு தனி, போஸ்ட் பேசிக்குக்கு தனி. உங்க படிப்புக்கு நேரா அந்த காலேஜ் பேர் இருக்கான்னு பாருங்க. தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் தாதியர் கவுன்சில் அங்கீகாரத்தையும், டிகிரின்னா டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பையும் சேர்த்துப் பாருங்க. தேசிய நர்சிங், மகப்பேறு ஆணையத்துக்கான சட்டம் 2023-ல நிறைவேறியிருக்கு, அதனால விதிகள் மாறலாம். சேர்ற வருஷத்து அறிவிப்பை மட்டும் நம்புங்க, பக்கத்து வீட்டு அக்கா படிச்ச வருஷத்தை இல்ல.

கவர்மெண்ட் காலேஜ் கிடைக்காதுன்னு நீங்களே முடிவு பண்ணி கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போடாம விட்டுடாதீங்க. தனியார் காலேஜ்கள் அரசுக்கு ஒப்படைக்கிற இடங்களும் அதே கலந்தாய்வுலதான் நிரம்புது. மேனேஜ்மெண்ட் இடத்துக்குக் கேக்கற தொகைக்கும் அதுக்கும் வித்தியாசம் இருக்கும். ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுன்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய், நாலு வருஷத்துக்கு 48,000. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல இருக்கிற திட்டம், நம்ம டெல்டா அம்மாதான்.

இனி கடன். பர்சனல் லோன் வேண்டாம்னு தம்பிகிட்ட முதல் நிமிஷமே சொல்லிட்டேன். வட்டி அதிகம், அடுத்த மாசமே இ.எம்.ஐ. ஓட ஆரம்பிச்சுடும். கல்விக் கடன்ல படிப்புக் காலமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் அசலைத் தொட வேண்டாம். 4 லட்சம் வரைக்கும் நம்ம பங்குப் பணமோ சொத்து ஈடோ கேக்க மாட்டாங்க. பேங்க் செமஸ்டருக்கு செமஸ்டர் நேரா காலேஜுக்கே கட்டிடும். டெல்டா வீட்டுக்கு இது பெரிய விஷயம். கொள்முதல் நிலையத்துல நெல்லைப் போட்டு பணம் வர்ற மாசமும், காலேஜ் ஃபீஸ் கேக்கற மாசமும் ஒரு வருஷமாவது ஒத்துப்போயிருக்கா? நடுவுல அம்மா நகைதான் கூட்டுறவு சொசைட்டிக்குப் போகும்.

ஆனா தவணை இல்லைன்னா வட்டியும் இல்லைன்னு அர்த்தம் கிடையாது. வருஷம் ஒரு லட்சம்னு நாலு வருஷம் வாங்கினா, 10 சதவீதத்துல சாதா வட்டி முதல் வருஷம் 10,000, அப்புறம் 20,000, 30,000, 40,000, காத்திருக்கிற வருஷம் இன்னொரு 40,000. மொத்தம் 1,40,000. அதைக் கட்டாம விட்டா கடன் 5,40,000 ஆகி, ஏழு வருஷத்துக்கு மாசம் சுமார் 8,960 தவணை. 18,000 சம்பளத்துல பாதி. வட்டியை மட்டும் அப்பப்ப கட்டிட்டு வந்தா கடன் 4,00,000-லயே நிக்கும், தவணை சுமார் 6,640. அண்ணன் தோள் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். முதல் வருஷம் மாசம் 833 ரூபாய், நாலாவது வருஷம் 3,333. 42,000 வாங்கறவரால முடியும். குடும்ப ஆண்டு வருமானம் 4,50,000-க்குள்ள இருந்தா இந்தக் கால வட்டிக்கு மத்திய அரசு மானியமும் உண்டு, அதனால வருமானச் சான்றிதழை முன்னாடியே எடுத்துடுங்க. மேனேஜ்மெண்ட் இடம்னா கடன், மானியம் ரெண்டையும் அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடியே பேங்க்ல கேளுங்க.

80இ விஷயம். தனக்காக, மனைவி அல்லது கணவனுக்காக, தன் பிள்ளைகளுக்காக, தான் சட்டப்படி காப்பாளரா இருக்கிற மாணவருக்காக எடுத்த கல்விக் கடன் வட்டிக்குத்தான் கழிவு. தங்கச்சி அந்தப் பட்டியல்ல இல்ல. நீங்க கோ-அப்ளிகன்டா கையெழுத்து போட்டு, உங்க அக்கவுண்ட்ல இருந்தே கட்டினாலும் கிடையாது. பர்சனல் லோனுக்கு யாருக்குமே கிடையாது. 80சி-ல ட்யூஷன் ஃபீஸும் சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். இது எல்லாமே பழைய வரி முறையில.

தம்பி குரல் இறங்கிடுச்சு. நான் சொன்னேன், "உன் சம்பளத்துக்கு புது முறையில வரியே வராதுப்பா, அப்புறம் எதைக் கழிக்கப் போற?" 2025-26-ல புது முறையில 12,75,000 வரைக்கும் சம்பளக்காரருக்கு வரி பூஜ்யம். கடன் யார் பேர்ல இருக்கணும்கறதை வரி முடிவு பண்ண வேண்டாம். கடன் தங்கச்சி பேர்லயும் அப்பா பேர்லயும் சேர்ந்து இருக்கட்டும். நீங்க கோ-அப்ளிகன்டா உள்ளே வந்தா, அந்த 4 லட்சம் உங்க சிபில்லயும் உக்காரும். நாளைக்கு வீட்டுக் கடன் கேக்கும்போது அதைக் கழிச்சுத்தான் உங்களுக்கு எவ்வளவுன்னு பாப்பாங்க. அப்பா வருமானத்தை வெச்சு பேங்க் ஒத்துக்கலன்னா மட்டும் நீங்க கையெழுத்து போடுங்க.

நேத்து தம்பி வாட்ஸ்அப்ல ஒரு படம் அனுப்பினார். வருமானச் சான்றிதழுக்கு பாபநாசம் இ-சேவை மையத்துல போட்ட ரசீது. கலந்தாய்வு விண்ணப்பத்துல பி.எஸ்சி.யும் போட்டிருக்காங்க, தனியா ஜி.என்.எம்.முக்கும் போட்டிருக்காங்க. எது கிடைக்குதுன்னு பாத்துட்டு கூப்பிடறேன்னு சொல்லியிருக்கார். கீழே ஒரு குரல் பதிவு, தங்கச்சி பேசறது: "அண்ணே, அந்த 50 பெட் லிஸ்ட்ல கும்பகோணம் ஆஸ்பத்திரி எதுவும் வருமா?"

வரும்மா. கும்பகோணம் அரசு மருத்துவமனை பெரிய ஆஸ்பத்திரிதான், தனியார்னா மட்டும் படுக்கை எண்ணிக்கையைக் கேட்டுட்டுச் சேரு.