கம்ப்யூட்டர் எழுந்திரிக்க மாட்டேங்குதா? அக்கா சொல்ற 7 டிப்ஸ்

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுல ஒரு மிளகு, சுக்கு மண்டிக்கு என் தம்பி கணக்கு எழுதுறான். இடவப்பாதி மழை கொட்டுன ஒரு காலையில போன் அடிச்சான். “அக்கா, கம்ப்யூட்டரைப் போட்டுட்டு, போய் சாயா குடிச்சிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. புதுசே வாங்கிடலாமா?”

போய்ப் பார்த்தேன். விண்டோஸ் இருந்த எஸ்எஸ்டி நல்லாத்தான் இருந்துச்சு. பழைய பில்களுக்காக மாட்டியிருந்த இரண்டாவது ஹார்டு டிஸ்க்தான் படுத்திருந்தது. அதோட கேபிளைக் கழற்றுனதும் அரை நிமிஷத்துல திரை வந்துடுச்சு. நீங்களும் புதுசு வாங்கக் கிளம்புறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பார்த்துடுங்க.

1. எங்கே நிக்குதுன்னு கவனிங்க. கம்பெனி லோகோவிலேயே நின்னா, பயாஸ் ஏதோ ஒரு டிஸ்க்கோட பதிலுக்குக் காத்திருக்கலாம். டெஸ்க்டாப் வந்த பிறகு இழுத்தா, கூடவே கிளம்புற புரோகிராம்கள் மேல சந்தேகப்படுங்க. டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய் வேண்டாததை நிறுத்துங்க.

2. காது கொடுங்க. ‘டக்... டக்...’னு ஒரே மாதிரி சத்தம் வந்தா டிஸ்க் உயிருக்குப் போராடுதுன்னு அர்த்தம். சும்மா சும்மா ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதீங்க.

3. டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 சதவீதம்னு காட்டி, படிக்கிற வேகம் மட்டும் ஒண்ணு ரெண்டு எம்பியிலேயே கிடந்தா, டிஸ்க் திணறுதான்னு அடுத்து பார்க்கணும்.

4. டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு காட்டுற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ புரோகிராம் இலவசம். அதுல 05, சி5 ரெண்டு வரியையும் பாருங்க. 05 ஏற்கெனவே கெட்டு மாற்றப்பட்ட செக்டர்கள். சி5 படிக்க முடியாம தொங்கிட்டு இருக்கிறவை. இந்த எண்ணிக்கை ஏறிக்கிட்டே போனா டிஸ்க்கை நம்பாதீங்க. சி7 ஏறுனா பெரும்பாலும் கேபிள் கோளாறுதான். கடல் காத்தும் மண்டித் தூசியும் இருக்கிற ஊர்ல இதையும் மறக்கக் கூடாது. கேபிளை மாத்துனாலும் பழைய சி7 கணக்கு குறையாது. மேல ஏறாம இருந்தா சரி.

5. இரண்டாவது டிஸ்க் இருந்தா, ப்ளக்கைப் பிடுங்கிட்டு அதோட கேபிளைக் கழற்றிப் பாருங்க. உடனே வேகம் வந்தா குற்றவாளி கிடைச்சாச்சு.

6. ரிப்பேருக்கு முன்னாடி காப்பி. விண்டோஸ்லயே இருக்கிற டிஸ்க் சரிபார்க்கிற கருவியான செக்டிஸ்க்கை ‘/r’ போட்டு ஓட்டுனா டிஸ்க் முழுசையும் மணிக்கணக்கா துழாவும். நலிஞ்ச டிஸ்க் அதுலயே போய்ச் சேர்ந்துடலாம். முக்கியமான ஃபோல்டரை முதல்ல வெளியே எடுங்க.

7. டிஸ்க் நல்லா இருந்தும் மெதுவா? விண்டோஸ் ஹார்டு டிஸ்க்லயே இருந்தா எஸ்எஸ்டிக்கு மாத்துங்க. பூட் ஆகும்போது ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களைப் படிக்கணும். ஹார்டு டிஸ்க்கோட முள் ஒவ்வொரு இடத்துக்கும் போய்ச் சேர சுமார் 10 மில்லி செகண்ட் எடுக்கும். எஸ்எஸ்டியில முள்ளே கிடையாது. மாத்துன பிறகு பழைய டிஸ்க் நல்லா இருந்தா போட்டோ வைக்க வச்சுக்கலாம். மழைக்காலத்துல கரண்ட் போய்ப் போய் வரும், ஒரு யூபிஎஸ்ஸும் போட்டுடுங்க.

தம்பியோட டிஸ்க்கை யூஎஸ்பி கன்வெர்ட்டர்ல மாட்டி ரெண்டு ராத்திரி உட்கார்ந்து காப்பி எடுத்தோம். ஒரு மாசத்து பில் மட்டும் வரவே இல்லை. மண்டியோட காகிதப் பேரேட்டைப் பார்த்து அதை மறுபடி டைப் அடிச்சான். இப்போ சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி ஷட்டரை இறக்குனாலும், “ஒரு நிமிஷம், காப்பி ஓடுது”ன்னு நிறுத்தி வைக்கிறானாம்.