பேரப்பிள்ளை மழைக்குப் பயந்தால் என்ன சொல்வது?

2021 டிசம்பரில் சிலாங்கூர், பகாங், நெகிரி செம்பிலான் உட்படப் பல மாநிலங்களில் வெள்ளம் ஏற்பட்டது. 2015-லும் 2019-லும் புகைமூட்டத்தால் பள்ளிகள் மூடப்பட்டன. இவற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், "இனி இப்படித்தான் இருக்குமா?" என்று கவலைப்படுகிறார்கள். இது நம் வீட்டில் மட்டும் இல்லை. 2021-ல் இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரையிலான 10,000 பேரிடம் கேட்டபோது, பருவநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாக 100-க்கு 59 பேர் கூறினார்கள்.

இந்தக் கவலை நோயல்ல. ஆனால் காது கொடுத்துக் கேட்க ஆள் இல்லாவிட்டால் அது பெரிதாகும். தாத்தா, பாட்டியாகிய நீங்கள் உதவலாம்.

1. முதலில் கேளுங்கள்
"அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று பேச்சை முடிக்காதீர்கள். மறுபடியும் வெள்ளம் வந்தால் அந்தச் சொல் பொய்யாகிவிடும். பிறகு பிள்ளை உங்களிடம் மனம் திறக்காது. "எதை நினைத்தால் பயமாக இருக்கிறது, கண்ணு?" என்று கேளுங்கள்.

2. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்
மழை பெய்தால் பால்மரம் வெட்ட முடியாது. அன்றைய வருமானம் போய்விடும். அந்த நாள்களை எப்படிச் சமாளித்தீர்கள், லயத்தில் யார் யாருக்கு உதவினார்கள் என்று சொல்லுங்கள். "நாங்கள் படாத கஷ்டமா?" என்று மட்டும் ஒப்பிட வேண்டாம்.

3. சேர்ந்து தயாராகுங்கள்
அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பையில் வையுங்கள். நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைப் பேரப்பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். வெள்ளம் வந்தால் எந்த வழியாக மேட்டுக்குப் போவது என்று நடந்து பாருங்கள். கையில் ஒரு வேலை இருந்தால் பயம் குறையும்.

4. இரவில் கைப்பேசி வேண்டாம்
பேரிடர்க் காணொளிகளைத் தூங்கும் முன் பார்க்க வேண்டாம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எப்போது உதவி தேவை?
தூக்கமின்மை, பசியின்மை, பள்ளிக்குப் போக மறுப்பது, யாருடனும் பேசாமல் இருப்பது ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அருகிலுள்ள சுகாதார கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. காலை 8 முதல் நள்ளிரவு 12 வரை பேசலாம். தாலியான் காசே 15999, 24 மணி நேரமும் இயங்கும்.

"வாழ்ந்து என்ன பயன்?" என்று பிள்ளை சொன்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாக விடாமல் உடனே உதவி தேடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999-ஐ அழையுங்கள்.

மழையை நம்மால் நிறுத்த முடியாது. பயத்தோடு ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்காமல் பார்த்துக்கொள்ள முடியும்.