வேடிக்கை பார்க்கும் வட்டம்



பட்டப்பெயர் இல்லாத வகுப்பறை அரிது. நெட்டையாக வளர்ந்தவன் ‘ஒட்டகம்’ ஆகிறான். கண்ணாடி போட்டவள் ‘சோடாபுட்டி’ ஆகிறாள். கூப்பிட்டவரும் கூப்பிடப்பட்டவரும் சேர்ந்து சிரிக்கிறவரை, மறுநாள் இவர் அவருக்கு ஒரு பெயர் வைக்க முடிகிறவரை, அது கேலிதான். ஒருவருக்கு மட்டும் சிரிப்பு வராமல் போனால், அவர் முகம் வாடியதைப் பார்த்த பிறகும் அதே பெயர் நாள்தோறும் தொடர்ந்தால், திருப்பிச் சொல்லத் தைரியமோ துணையோ அவருக்கு இல்லாவிட்டால், அது கேலியின் எல்லையைத் தாண்டிவிட்டது. ‘புல்லியிங்’ என்று இன்று பள்ளிகளில் சொல்லப்படும் கொடுமை அங்கே தொடங்குகிறது.

இந்தக் கொடுமைக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னவர் டான் ஓல்வேயஸ். சுவீடனில் பிறந்து நார்வேயின் பெர்கன் நகரில் பணியாற்றிய உளவியலாளர் அவர். நோகடிக்க வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவர்மேல் செய்வது என்பவை அந்த மூன்று. குழாயடியில் சமபலமுள்ள இருவர் கட்டிப்புரண்டால் அது சண்டை. அதை விலக்கிவிட்டுச் சமாதானம் பேசலாம். கொடுமையில் இரண்டு பக்கம் இல்லை. அதனால்தான் இருவரையும் கூப்பிட்டுக் கை குலுக்கச் சொல்லி அனுப்பும் வழக்கமான தீர்ப்பு அங்கே பலிப்பதில்லை; பாதிக்கப்பட்ட பிள்ளை இன்னும் பயந்துதான் வகுப்புக்குத் திரும்புகிறது. பலம் என்பது தோளில் மட்டும் இருப்பதும் இல்லை. கூட்டாளிகளின் எண்ணிக்கை, சாதி, பணம், நிறம், சரளமான ஆங்கிலம், ஆசிரியரின் செல்லம் என்று எதுவும் பலமாகலாம்.

அடிப்பதும் சாப்பாட்டு டப்பாவைப் பிடுங்குவதும் கண்ணுக்குத் தெரியும். பெற்றோரையும் ஊரையும் இழுத்துப் பேசுவது காதுக்குக் கேட்கும். ஒதுக்கிவைப்பது மட்டும் கண்ணிலும் படாது, காதிலும் விழாது. உட்கார வந்தால் பெஞ்சில் பை இருக்கும். விளையாட ஆள் பிரிக்கும்போது ஒரு பெயர் மட்டும் வராது. வகுப்பின் வாட்ஸ்அப் குழு இருக்க, அந்த ஒருவர் இல்லாமல் இன்னொரு குழு முளைத்திருக்கும்; அவருடைய படம் அங்கே கேலிச்சித்திரமாகச் சுற்றும். ஆசிரியர் கேட்டால் யாரும் எதுவும் செய்யவில்லை என்பதே பதில். காயம் காட்டமுடியாத இந்த வகையைப் பெரியவர்கள் மிக எளிதாகத் தள்ளிவிடுகிறார்கள். காலையில் அடிக்கடி வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளை, வேறு பாதையில் சுற்றிக்கொண்டு வீடு வரும் பிள்ளை, சட்டென்று மதிப்பெண் சரியும் பிள்ளை ஆகியோரின் வீடுகளில், பள்ளியில் யாராவது உன்னை ஒதுக்கிவைக்கிறார்களா என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இந்தக் கொடுமைக்கு ஸ்காண்டிநேவிய நாடுகளில் முதலில் வழங்கிய ‘மாபிங்’ என்ற பெயர் பறவைகளிடமிருந்து வந்தது. பருந்தையோ ஆந்தையையோ கண்டால் காகங்கள் கூட்டமாகக் கத்திக்கொண்டு துரத்தும் அல்லவா? விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கோன்ராட் லோரன்ஸின் எழுத்தில் இந்தச் செயலுக்கு வந்த சொல்லை, 1969-இல் பீட்டர் பால் ஹைனமான் என்ற சுவீடன் மருத்துவர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொருத்தினார். கூட்டம் ஒருவரைத் துரத்துகிறது என்பது அவர் பார்வை. ஓல்வேயஸ் அதை அப்படியே ஏற்கவில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று பேர்தான் செய்கிறார்கள்; கூட்டம் என்று சொன்னால் செய்தவரின் பொறுப்பு கூட்டத்துக்குள் கரைந்துபோகும் என்றார். சரி, மீதிப் பேர் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? இதைத் தடுக்கும் வழி இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

கனடாவின் டொரண்டோவில் டெப்ரா பெப்லரும் வெண்டி கிரெய்கும் தங்கள் குழுவோடு பள்ளி மைதானங்களைக் கேமராவில் பதிவுசெய்து, பிள்ளைகளின் சட்டையில் சிறு மைக்குகள் பொருத்தி, இதைக் கூர்ந்து பார்த்தார்கள். 2001-இல் வெளிவந்த முடிவுகளின்படி, நடந்த சம்பவங்களில் 88 விழுக்காட்டில் மற்ற பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்தார்கள். அவர்கள் குறுக்கிட்டது 19 விழுக்காட்டில்தான். ஆனால், குறுக்கிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட தடவை, அதாவது 57 விழுக்காட்டில், பத்து நொடிக்குள் கொடுமை நின்றுவிட்டது. பெரியவர்கள் மணிக்கணக்காக அறிவுரை சொல்லியும் நிற்காத ஒன்று, வகுப்புத் தோழர் ஒருவர் “ஏய், விடுடா” என்று சொன்னதும் நின்றிருக்கிறது.

ஏன் அப்படி? கொடுமை செய்பவருக்கு வேண்டியது பெரும்பாலும் பார்வையாளர்கள்தான். ‘இவனிடம் வைத்துக்கொள்ளக் கூடாது’ என்ற பெயர் வகுப்பில் பரவ வேண்டும். அதற்கு யாராவது பார்க்க வேண்டும், சிரிக்க வேண்டும். பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சால்மிவாலி 1996-இல் வகுப்புப் பிள்ளைகளை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டினார்: கொடுமை செய்பவர், கூடவே கைகொடுப்பவர், சிரித்து ஏற்றிவிடுபவர், ஒதுங்கி நிற்பவர், காப்பவர், பாதிக்கப்படுபவர். சிரிப்பவர் தன்னைக் குற்றவாளியாக நினைப்பதில்லை. ஒதுங்கி நிற்பவரோ தனக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று நம்புகிறார். நடுவில் நிற்கும் பிள்ளையின் கண்ணுக்கு மட்டும் அந்த வட்டம் முழுவதும் ஒரே முகமாகத் தெரிகிறது. எல்லோருக்கும் இது சம்மதம் என்றும், தன்னிடம்தான் ஏதோ குறை என்றும் அது முடிவுகட்டுகிறது. இந்தக் கொடுமையில் மிக ஆழமான காயம் இதுவே.

ஒதுங்கி நிற்பவர்களில் பலருக்கு மனத்துக்குள் அது பிடிப்பதில்லை. அடுத்தது தன் முறை ஆகிவிடுமோ என்ற பயம்தான் வாயைக் கட்டுகிறது. அந்தப் பயம் நியாயமானது; அதைக் கோழைத்தனம் என்று திட்டுவது தவறு. குறுக்கே பாய்ந்து சண்டை போடுவது ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. சிரிக்காமல் இருக்கலாம். வட்டத்தை விட்டு நகர்ந்தால் வட்டம் சிறுக்கும். “வா, சார் கூப்பிடுகிறார்” என்று அந்தப் பிள்ளையைக் கையோடு அழைத்துப் போகலாம். ஒருவராகப் பேசத் தயங்குபவர் மூவராகப் பேசலாம். சம்பவம் முடிந்த பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவதும் பெரிய உதவி. அந்த ஒரு சாப்பாட்டு வேளையில் ‘எல்லோருக்கும் சம்மதம்’ என்ற நினைப்பு உடைகிறது. கைப்பேசிக்கு வந்த படத்தை அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்துபவரும் காப்பவரே.

நாடுகள் இந்தக் கொடுமையைக் கையாண்ட விதத்திலும், சுற்றி நிற்பவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற இதே பாடம் உண்டு. 1982-இன் இறுதியில் வடக்கு நார்வேயில் மூன்று சிறுவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமை அதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. மறு ஆண்டே அரசு நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. பெர்கனில் 42 பள்ளிகளில் சுமார் 2,500 மாணவர்களை இரண்டரை ஆண்டு தொடர்ந்து கவனித்தார் ஓல்வேயஸ். வகுப்பே கூடி விதிகள் வகுத்தது. இடைவேளையில் ஆசிரியர்கள் மைதானத்தில் நின்றார்கள். இரு தரப்புப் பெற்றோரிடமும் பேசினார்கள். கொடுமை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பின்லாந்தின் ‘கிவா’ திட்டம் இன்னும் ஒரு படி போகிறது. பாதிக்கப்பட்ட பிள்ளையோடும் கொடுமை செய்தவர்களோடும் பள்ளிக் குழு தனித்தனியே பேசும். அத்தோடு, வகுப்பில் செல்வாக்குள்ள இரண்டு முதல் நான்கு பேரை ஆசிரியர் அழைத்து, அந்தப் பிள்ளைக்குத் துணையாக இருக்கும்படி கேட்டுக்கொள்வார்.

தமிழ்நாட்டில் இந்தக் கொடுமைக்குச் சாதி என்ற ஆயுதமும் கிடைத்துவிடுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த ஒரு மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் அதே பள்ளி மாணவர்கள். பள்ளியில் நடந்த தொல்லையால் அவர் வகுப்புக்கு வராமல் நின்றிருந்தார். காரணம் பள்ளிக்குத் தெரிந்த பிறகுதான் தாக்குதல் நடந்தது. உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு அன்று இரவே பாதுகாப்பு வேண்டியிருந்தது, அது கிடைக்கவில்லை. இதையடுத்து ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைந்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குப் பள்ளியில் இடமில்லை என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. ஆசிரியரும் இந்தக் கொடுமைக்கு வெளியே இல்லை. பிள்ளையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்கிறது. கரும்பலகைக்கு முன்னால் நின்று ஆசிரியர் ஒருவருக்குப் பட்டப்பெயர் சூட்டினால், வகுப்பு அதை அனுமதியாகவே எடுத்துக்கொள்ளும்.

பாதிக்கப்படுபவர் வாய்திறக்கத் தடையாக இருப்பது ‘போட்டுக்கொடுத்தான்’ என்ற பேச்சு. வீட்டுப்பாடம் எழுதாதவனைக் காட்டிக்கொடுப்பதற்கும், தன்மேல் நாள்தோறும் விழும் அடியை நிறுத்தச் சொல்லிக் கேட்பதற்கும் ஒரே பெயர் பொருந்தாது. முதலில் கேட்ட பெரியவர் “கண்டுகொள்ளாதே” என்று அனுப்பிவிட்டால், இன்னொருவரிடம் போகலாம்: அம்மா, பாட்டி, வேறொரு ஆசிரியர், தலைமையாசிரியர். 1098 என்ற சிறார் உதவி எண்ணை இந்தியாவில் எங்கிருந்தும், இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417. சொல்லப் போகும் முன் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது: எந்த நாள், எந்த இடம், யார் என்ன செய்தார்கள் அல்லது சொன்னார்கள், கைப்பேசியில் வந்ததாக இருந்தால் அதன் படம். கடைசி வரியில், அப்போது சுற்றி நின்று பார்த்தவர்கள் யார் யார் என்பதையும் எழுத வேண்டும். விசாரணை வரும்போது ஆசிரியர் முதலில் கூப்பிடப்போவது அவர்களைத்தான்.