பழைய சீலையில் ஒரு குவில்ட்: லொக் கெபின் கட்டம் தைக்கும் முறை

லண்டன் நோர்பரியில் நம்மவர் வீட்டு லொஃப்ட்டுகளில் பருத்திச் சீலைகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. இந்தக் குளிருக்கு உடுக்க வழியில்லை. அம்மாவுடையது, மாமியுடையது என்பதால் சரிட்டிக் கடைக்குக் கொடுக்கவும் மனம் வராது. அவற்றைக் குவில்ட் ஆக்கலாம். பழைய ஒட்டுத்தையல் கட்டங்களில் லொக் கெபின்தான் சீலைக்கு மிகப் பொருத்தம் என்பது என் முடிவு. நடுவில் சிறு சதுரம்; அதைச் சுற்றி ஒடுங்கிய நாடாக்கள்; மூலைவாட்டில் ஒரு பாதி வெளிர் நிறம், மறு பாதி அடர் நிறம். அமெரிக்காவில் 1860களிலிருந்து இது பெரிதாகப் பரவியது. ஐல் ஒஃப் மான் தீவுப் பெண்களோ இதே கட்டத்தை அளவுகோல் இல்லாமல், கையாலும் விரலாலும் அளந்து, ஓர் அடித்துணியின் மேல் தைத்தார்கள். அந்த அடித்துணிதான் நமக்கு வேண்டியது. நைந்த சீலை தனியே தையலைத் தாங்காது; அடியில் துணி இருந்தால் தாங்கும்.

இங்கே தருவது 48 x 64 அங்குலக் குவில்ட்டுக்கான கணக்கு. அகலத்தில் 6, நீளத்தில் 8, ஆக 48 கட்டங்கள்.

முதலில் சீலையைத் தெரிவு செய்யுங்கள். பருத்தி மட்டும் போதும். பட்டும் நைலெக்ஸும் அயன் சூட்டில் வேறு விதமாக நடந்துகொள்ளும். சரிகை ஊசியை முறிக்கும். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே சீலையைப் பிடித்துப் பாருங்கள். இருந்து இருந்து தேய்ந்த இடத்தில் இழைகள் விலகி வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இடுப்பில் உள்ளே செருகும் பகுதி பெரும்பாலும் புதிது போலவே இருக்கும். சிவப்பு, மெரூன், கருநீலம் மூன்றையும் சோதிக்காமல் சேர்க்க வேண்டாம். ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து அயன் பண்ணுங்கள். சாயம் ஒட்டினால், ஒட்டாத வரைக்கும் தனியாகத் தோயுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் அந்தச் சீலை வேண்டாம்.

அடுத்தது நிறம் பிரிப்பது. குவில்ட்டின் அழகு முழுவதும் இதில்தான் இருக்கிறது, ஆகவே அவசரப்படாதீர்கள். பச்சையா நீலமா என்பது இங்கே முக்கியமில்லை. வெளிறலா அடர்த்தியா என்பதுதான் முக்கியம். எல்லாச் சீலைகளையும் பக்கம் பக்கமாக விரித்து, ஃபோனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த மஞ்சளும் ரோஸும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். வெளிருக்கும் அடருக்கும் நடுவில் நிற்கும் சீலையை ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு பக்கமும் நாலைந்து சீலை இருந்தால் கட்டங்கள் உயிரோடு இருக்கும். நடுச் சதுரத்துக்கு எல்லாக் கட்டத்திலும் ஒரே நிறம் வையுங்கள். சிவப்பு வைப்பது பழைய வழக்கம், வீட்டின் அடுப்பைக் குறிக்கிறது என்பார்கள்.

வெட்டுமுன் சோற்றுக் கஞ்சியை நன்றாக ஐதாக்கி, துணியைத் தோய்த்துக் காயவைத்து அயன் பண்ணுங்கள். மெல்லிய பருத்தி வழுக்காமல் நிற்கும். ஓரத்தில் சிறு வெட்டுக் கொடுத்துக் கிழித்தால் இழையின் நேர் தெரியும். அதை வைத்துக்கொண்டு நீளவாட்டில் ஒன்றரை அங்குல நாடாக்களாக வெட்டுங்கள். ஒரு யார் நீள நாடாவாகக் கணக்கிட்டால் வெளிரில் 40, அடரில் 48 வேண்டும். வீணாவதையும் சேர்த்து 45, 55 வெட்டி வையுங்கள். நடுச் சதுரம் இரண்டரை அங்குலத்தில் 48. அடித்துணிக்கு அப்பாவின் எட்டு முழ வேட்டி ஒன்று போதும். அதில் ஒன்பது அங்குலச் சதுரங்கள் 48 வெட்டியும் மீதி இருக்கும்.

இனித் தையல். வேட்டிச் சதுரத்தை மூலைவாட்டில் இரு தரம் மடித்து அயன் பண்ணினால் குறுக்குக் கோடுகள் விழும். நடுச் சதுரத்தின் நாலு மூலைகளும் அந்தக் கோடுகளில் நிற்கும்படி வைத்து ஊசி குத்துங்கள். வெளிர் நாடாவைக் குப்புற வைத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கால் அங்குலம் விட்டுத் தையுங்கள். 70ஆம் நம்பர் ஊசியும் 2 மில்லிமீட்டர் தையலும் சரியாக இருக்கும். நாடாவை விரித்து அயன் பண்ணி, நீளத்தை வெட்டி, கட்டத்தைத் திருப்புங்கள். வெளிர், வெளிர், அடர், அடர் என்று நாலும் தைத்தால் ஒரு சுற்று. மூன்று சுற்று, பன்னிரண்டு நாடா.

ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் அளந்து பாருங்கள்: நாலரை, ஆறரை, எட்டரை அங்குலம் வரவேண்டும். தையல் ஓரம் 1/16 அங்குலம் கூடினாலே முழுக் கட்டத்தில் முக்கால் அங்குலம் குறைந்துவிடும். முதல் கட்டத்தை முழுதாக முடித்து அளவு பார்த்த பிறகே மற்றவற்றைத் தொடங்குங்கள். கடைசியில் அடித்துணியையும் எட்டரைக்கு வெட்டிவிடுங்கள்.

அடுக்குவது சந்தோஷமான வேலை. கட்டங்களைக் கட்டிலில் பரப்புங்கள். ஒன்று விட்டொன்றைத் தலைகீழாகத் திருப்பினால் உழவுச்சால் போலச் சாய்ந்த கோடுகள் வரும். நடு நாலு கட்டங்களின் வெளிர் மூலைகள் சந்திக்கும்படி வைத்து, அங்கிருந்து நாலு பக்கமும் அதே விதமாகத் திருப்பிக்கொண்டு போனால் ஒன்றுக்குள் ஒன்றாக வைர வடிவங்கள் விரியும். எனக்குப் பிடித்தது இரண்டாவது. படம் எடுத்து வைத்துக்கொண்டு, வரிசை வரிசையாக இணையுங்கள். பழைய குவில்ட்டுகளைப் பார்த்துப் பழக விரும்பினால், கிழக்கு லண்டனில் 2025இல் திறந்த வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ் என்ற அருங்காட்சியகக் கிடங்கில் முன்பதிவு செய்து, சேமிப்பிலுள்ள பொருள்களை இலவசமாக அருகில் பார்க்கலாம்.

சீலையும் வேட்டியுமாக ஏற்கனவே இரண்டு அடுக்கு இருப்பதால் பஞ்சு கட்டாயமில்லை. குளிர் தாங்காதவர்கள் நடுவில் ஒரு பழைய ஃப்ளனல் விரிப்பை வைக்கலாம். பின்பக்கத்துக்கு இன்னொரு சீலையை ஒட்டுப் போட்டு எடுங்கள். தையல் மடிப்புகள் நிறைந்த கட்டத்தில் கையால் ஓட்டுத்தையல் போடுவது விரலுக்கு வேதனை. கட்டங்கள் சந்திக்கும் மூலைகளிலும் நடுச் சதுரங்களிலும் தடித்த பருத்தி நூலை அடிவரை குத்தி எடுத்து, இறுக்கி இரட்டை முடிச்சுப் போடுவதே நல்லது. சுற்று ஓரம் 224 அங்குலம். சரிகையில்லாத ஒரு சீலையின் இரண்டு கரைகளை இணைத்தால் தாராளமாகக் காணும். இரண்டரை அங்குல அகலத்தில் வெட்டி, இரண்டாக மடித்து, முன்பக்கம் மெஷினில் தைத்து, பின்பக்கம் கையால் முடியுங்கள். தோய்க்கும்போது 30 பாகைக்கு மேல் போகாமல், நிழலில் தட்டையாக விரித்துக் காயப்போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் முடிச்சுகள் துணியைக் கிழிக்கும்.